பிரேக் ஒயில் எங்கே போகிறது?

(சாரதிகளுக்கும் வாகனம் வைத்திருக்கும் இளைஞர்களுக்குமான கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது தோட்டங்களில் பல இளைஞர்கள் கடன்பட்டுப் பழைய காரோ வேனோ வாங்கி ஹயர் ஓடுகிறார்கள். பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதும், இரவில் வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அந்த வண்டிகளில்தான். ரம்பொடை இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பெடலை மிதித்ததும் மாஸ்டர் பம்ப் ஒயிலைக் குழாய் வழியே தள்ளுகிறது. சக்கரத்தில் உள்ள வீல் பம்ப் அந்த அழுத்தத்தில் லைனரை விரிக்கிறது. இது மூடிய பாதை. எனவே "இந்த வண்டி ஒயில் குடிக்கும்" என்ற பேச்சே தவறு. லைனர், பேட் தேயும்போது மட்டம் மெதுவாக இறங்கும். வாரா வாரம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது. மிகப் பழைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பாதைதான். ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும்.

கசிவைக் கண்டுபிடிக்கச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

முதலாவது, இரவில் வண்டிக்கு அடியில் சுத்தமான காட்போட் மட்டையை விரியுங்கள். காலையில் சொட்டு விழுந்திருந்தால், அதில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஒயில் கரைந்துவிடும். என்ஜின் ஒயில் மிதக்கும்.

இரண்டாவது, டயர்களின் உட்பக்கத்தைப் பாருங்கள். ஈரமாக இருந்து, பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அந்தச் சக்கரத்தின் வீல் பம்பைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவது, பெடலுக்கு மேலே, தண்டு உள்ளே போகும் இடத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே ஈரம் என்றால் மாஸ்டர் பம்பின் பின் வொஷர் போய்விட்டது. பூஸ்டர் உள்ள வண்டியில் ஒயில் பூஸ்டருக்குள் இறங்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

நான்காவதுதான் ஆளை ஏமாற்றுவது. என்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் மிதித்துக்கொண்டே இருங்கள். ஸ்டார்ட் செய்த உடனே சிறிது இறங்குவது பூஸ்டரின் வேலை, அது சரி. ஆனால் பெடல் மெல்ல மெல்லத் தரைக்குப் போனால், வெளியே கசிவும் இல்லாவிட்டால், மாஸ்டர் பம்பின் உள் ரப்பர் தேய்ந்து ஒயில் உள்ளேயே திரும்பிப் போகிறது. ஒயில் மட்டம் குறையாது. ஆனால் பிரேக் இல்லை.

இவற்றில் எது தெரிந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள். பம்பின் உட்சுவரில் துரு அரித்திருந்தால் புது ரப்பர் போட்டும் நிற்காது. பம்பையே மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் காற்று எடுக்க வேண்டும். அவசரத்துக்கு என்ஜின் ஒயில் ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழைய ஒயில் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பெடல் வெறுமையாகிவிடும். ஆகவே காலத்துக்குக் காலம் மாற்றுங்கள். இறக்கத்தில் சின்ன கியரில் இறங்குங்கள்.

தோழர்களே, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் புகைக்கு மட்டும்தான். அது பிரேக்குக்குச் சான்று அல்ல.

தோட்டத்து லொறி, டிரக்டர் ஓட்டும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. "ஒயிலை ஊற்றிக்கொண்டு ஓடு" என்று சொன்னால் வாயால் மட்டும் பதில் சொல்லாதீர்கள். என்ன பழுது, எந்தச் சக்கரம், எந்தத் திகதி என்று எழுதிக் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்கித் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். எழுத்து இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு பழி சாரதியின் தலையில்தான் விழும். வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் நட்டஈடு போன காலைத் திருப்பித் தராது.

தாய்மாரே, ஓட்டுவது அண்ணனோ தம்பியோ, ஏறுவது நாம் எல்லோரும். "தம்பி, பெடல் இறங்குதா?" என்று ஏறுமுன் கேளுங்கள். கேட்பது நமது உரிமை.