தேடிக் காணாதோர் சொல்லுங் கதை



செய்மதிவழி இடங்காட்டலில் வேண்டுமென்றே இடப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே 2ஆந் திகதி நீக்கிற்று. மறுநாளே ஒறெகன் மாநிலத்தில் ஒருவர் வாளியொன்றை மறைத்துவைத்து, அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளை அறிவித்தார். ‘ஜியோகாஷிங்’ என்னும் விளையாட்டுப் பிறந்தது இவ்வாறே.

இவ்விளையாட்டினர் ஒலிப்பதிவு செய்து வெளியிடும் ‘பொட்காஸ்ற்’ உரைகளை, 2005இல் தொடங்கிய ‘பொட்காஷர்’ முதலானவற்றை, நாம் கேட்டு வருகின்றோம். கண்டெடுத்த கதைகளிலும் காணாது திரும்பிய கதைகளே நம்மைப் பெரிதுங் கவர்ந்தன. தேடியவர் ‘காணவில்லை’ என்று இணையத்திற் பதிந்தாற்றான், பெட்டி தொலைந்ததோ என்று ஒளித்தவர் போய்ப் பார்ப்பார். பின்வருவோரும் வீணே அலையார். ஆயினும், வெட்கத்தாற் பதியாது விடுவோரும் உளர். நாமாயின் பதிந்திருப்போமா? ஐயந்தான்!