வாழைச்சேனையிலிருந்து வெருகல் வரை



மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே 30 கிலோமீற்றர் வந்தால் வாழைச்சேனை. அனேகமானோர் இந்த ஊரைப் பஸ் யன்னலால் பார்த்ததோடு சரி. பாசிக்குடாவுக்குப் போகிறவர்கள் கடற்கரைப் பக்கம் திரும்பிவிடுவார்கள். கொழும்புக்குப் போகிறவர்கள் ஓட்டமாவடியில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் பாலத்தைக் கடந்துவிடுவார்கள். நானும் எத்தனையோ வருடம் அப்படிப் போனவன்தான். இந்தமுறை ஒரு வான் வண்டியிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, வாழைச்சேனையிலிருந்து வெருகல் வரை மூன்று நாள் மெதுவாகப் போய்வந்தோம்.

யோசனை என் மச்சானுடையது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். அங்கே குடும்பம் குடும்பமாக வீட்டு வண்டியில் ஏறி நெடுந்தூரம் போவார்களாம். அந்த வண்டிகளை நிறுத்துவதற்கென்றே இலக்கம் போட்ட இடங்கள், மின்சாரம், தண்ணீர்க் குழாய் எல்லாம் உண்டாம். நமக்கு வாய்த்தது ஒரு பழைய வான். பின் ஆசனங்களைக் கழற்றிப் பலகை அடித்து மெத்தை போட்டோம். ஒரு காஸ் அடுப்பு, இரண்டு தண்ணீர்க் கான்கள், ஒரு நுளம்பு வலை. ஆனி மாதம், கச்சான் காற்று அனலாய் வீசுகிற காலம். மழைக்காலத்தில் இந்தப் பக்கம் வானோடு வருவதை நினைத்தும் பார்க்காதீர்கள். மார்கழி வெள்ளத்தில் வீதியையும் வயலையும் பிரித்தறிய முடியாது.

முதல் இரவு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிட்ட, சொந்தக்காரர் ஒருவரின் வளவில் தங்கினோம். விடியுமுன்னரே எழும்பிவிட்டோம். ஆழ்கடலுக்குப் போன படகு ஒன்று வந்து சேர, ஐஸ் அறையைத் திறந்து சூரை மீனை ஒவ்வொன்றாக வாலில் பிடித்து மேலே எறிந்தார்கள். மேலே நின்றவர் பார்க்காமலே ஏந்திக்கொண்டார். மின்விளக்கு வெளிச்சத்தில் மீனின் வயிற்றுக் கோடுகள் பென்சிலால் கீறினதுபோலத் தெரிந்தன.

ஊருக்குள் கடதாசி ஆலை இருக்கிறது. 1956இல் இயங்கத் தொடங்கிய ஆலை. வைக்கோலை அவித்துக் கூழாக்கிக் கடதாசி செய்தார்கள். சூடு மிதித்த பிறகு வயலில் எரிந்துபோகிற வைக்கோல் பிள்ளைகளின் கொப்பியாக மாறிய இடம் இது. யுத்தமும் கவனிப்பின்மையும் அதை முடக்கிப் போட்டன. எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலை! அதன் மதிலோரம் போகும்போது எனக்கு மனம் கனத்தது.

ஓட்டமாவடியில் புதுப் பாலத்துக்குப் பக்கத்தில் பழைய இரும்புப் பாலம் நிற்கிறது. கோச்சியும் வாகனங்களும் அந்த ஒரே பாலத்தால்தான் போய் வந்தன. கோச்சி வந்தால் மற்றவையெல்லாம் காத்துக்கிடக்கும். கடந்து போனால் நாவலடிச் சந்தி. இடப்பக்கம் போகும் வீதி புணாணை வழியாகப் பொலன்னறுவைக்கு. அந்தப் புணாணையில்தான் 1924இல் வழிப்போக்கர்களைக் கொன்று தின்ற சிறுத்தையைச் சுட்டார்கள். குறைந்தது 12 பேரைக் கொன்ற அந்தச் சிறுத்தையைப் பாடம்பண்ணிக் கொழும்பு நூதனசாலையில் வைத்தார்கள். இன்றைக்கு இந்தப் பாதைகளில் பயம் யானைக்குத்தான். இருட்டினால் காட்டோரம் வண்டியை நிறுத்தாதீர்கள். கோயில் வாசலோ கடை வாசலோ பார்த்து, கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள்.

நாங்கள் வாகரைப் பக்கம் திரும்பினோம். காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று வரிசையாகக் கேணிகள். காயான்கேணியில் கடலைப் பார்க்கும் ஆசையில் வீதியை விட்டு இறங்க, பின் சில்லு இரண்டும் மணலில் புதைந்துவிட்டன. பக்கத்து மீன்வாடியிலிருந்து ஐந்து பேர் ஓடிவந்தார்கள். கிடுகுகளைச் சில்லுக்கு அடியில் போட்டு, ஒரே மூச்சில் தள்ளி ஏற்றிவிட்டார்கள். அவர்கள் மேற்குக் கரையிலிருந்து வந்தவர்கள். அங்கே கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வலையோடும் சட்டி பானையோடும் இங்கே வந்து வாடி அடிப்பார்கள். வாடைக்காற்று எழும்பமுதல் திரும்பிவிடுவார்கள். வீட்டைக் கையோடு கொண்டு திரிகிற வாழ்க்கை இந்தக் கரைக்குப் புதிதல்ல என்று மச்சானுக்குச் சொன்னேன்.

பனிச்சங்கேணியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. வாகரையை அடையும்போது கான் இரண்டும் வெறுமை. ஒரு வீட்டுப் படலையில் நின்று குரல் கொடுத்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் வந்தார்.

"குடிக்கிற தண்ணி இந்தக் கிணத்தில இல்ல மனே, இது சவர். இரிங்க, குடத்தில இருக்கு."

தூரத்திலிருந்து சுமந்து வந்த தண்ணீர் அது. ஒரு கான் முழுக்க ஊற்றினார். காசை நீட்டியதற்கு முகம் சுளித்தார்.

"தண்ணிக்கும் காசா மனே? நாங்க இந்த ரோட்டால நடந்து போன நேரம் எங்களுக்கு ஆரு காசு கேட்டது?"

அவர் சொன்னது 2006 கடைசியையும் 2007 தொடக்கத்தையும். சண்டையில் வாகரையே வெறுமையாகியது. சனம் காட்டுக்குள்ளாலும் கடற்கரையாலும் வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னர்தான் சுனாமி இந்தக் கரையை அடித்திருந்தது. அந்த நடையில் அம்மாவின் ஒரு கையில் பிள்ளை, மறுகையில் உலைமூடி போட்ட பானை, அரிசி அதற்குள். "மறுகா வந்து பாத்தா வீடு இல்ல, கிணறு மட்டும் கிடந்திச்சு" என்றார். அந்தத் தண்ணீரில் அன்றைக்குச் சோறு ஆக்கினோம். அரிசியைக் கழுவும்போது ஒரு சொட்டும் சிந்தாமல் பார்த்துக்கொண்டார் மச்சான்.

பால்சேனை, கதிரவெளி கடந்து மூன்றாம் நாள் பின்னேரம் வெருகல். மகாவலியின் ஒரு கிளை இங்கேதான் கடலுக்குப் போகிறது. பாலம் வருமுன் வீதி ஆற்றங்கரையோடு முடிந்துவிடும். வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு எங்கள் ஊர்களில் பெயர் 'பாதை'. திருகோணமலைக்குப் போவதென்றால் இப்படிப் பல துறைகள். கடைசித் துறையான கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தது 2009 ஒக்டோபரில். அதற்குப் பிறகு மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன.

பழைய துறையடியில் வானை நிறுத்தித் தேநீர் வைத்தோம். பெரியவர் ஒருவர் வந்து குந்தினார். பாதைக்காகக் காத்துநிற்கிற பஸ் சனத்துக்கு அவித்த சோளன் விற்றவராம். இரண்டு மணித்தியாலம் நின்றவர்களும் உண்டாம். தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டே, எந்த இடத்தில் கயிறு கட்டினார்கள், பஸ் இறங்கும்போது எந்தப் பக்கம் சரியும் என்று மண்ணில் கீறிக் காட்டினார். மேலே பாலத்தால் திருகோணமலை பஸ் ஒன்று வெளிச்சம் போட்டுக்கொண்டு போனது. அவர் நிமிர்ந்து பார்த்து, "இண்டைக்கு அரை மணித்தியாலம் பிந்தித்து" என்றார்.