பெயரும் மாற்றுப்பெயரும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவியரங்கம் முடிந்த கையோடு கணினியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்; பொறுத்தருள வேண்டும். என் வாழ்நாள் பெருங்கணினியோடு கழிந்தது. அங்கே கற்ற பாடம் ஒன்று கவிஞர்களுக்கும் உரியது என்று கருதுகிறேன்.

1973-ஆம் ஆண்டு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370 வரிசைக் கணினி நிறுவப்பட்டது. அவ்வரிசையின் வழிவந்த இயந்திரங்களில் ஒவ்வொரு தரவுத் தொகுப்புக்கும் ஒரு பெயர் உண்டு. யாப்பைப் போல அப்பெயருக்கும் இலக்கணம் உண்டு. புள்ளிகளையும் சேர்த்து 44 எழுத்தைத் தாண்டலாகாது. புள்ளியிட்டுச் சீர் பிரிக்க வேண்டும். ஒரு சீரில் 8 எழுத்துக்கு மேல் கூடாது. சீரின் முதலில் எண் வரலாகாது. இயக்க அமைப்புக்கே உரிய தொகுப்புகள் பெரும்பாலும் 'சிஸ்1' என்னும் முதற்சீரோடு தொடங்கும். எந்தப் பெயர் எந்த வட்டில் உள்ளது என்று சொல்ல ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. அதனைக் 'கேட்டலாக்' என்பர்.

இயக்க அமைப்பின் புதிய பதிப்பு வரும்போது தொகுப்பின் பெயரும் மாறுவதுண்டு. பழைய பெயரை எழுதிவைத்த நூற்றுக்கணக்கான கட்டளைகளைத் திருத்துவது யார்? ஆகவே பட்டியலில் ஒரு மாற்றுப்பெயரைப் பதிவார்கள். எல்லோரும் அதையே அழைப்பார்கள். பதிப்பு மாறும்போது நிர்வாகி பழைய பதிவை நீக்கி, அதே மாற்றுப்பெயரைப் புதிய தொகுப்போடு இணைத்துப் பதிவார். மாற்றுப்பெயருக்கு உடல் இல்லை. அதை நீக்கினால் தரவு அழியாது. இயற்பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினாலோ மாற்றுப்பெயரும் உடன்போகும்.

பணியேற்ற புதிதில் ஓர் இரவு புதிய பதிப்பை ஏற்றினோம். மாற்றுப்பெயரைப் புதிய தொகுப்போடு இணைக்க மறந்து, பழைய தொகுப்பை நீக்கிவிட்டேன். விடியற்காலையில் சம்பளக் கணக்கு நடுவழியில் நின்றது. வேண்டிய தொகுப்பு வட்டிலேதான் இருந்தது. அதனை அடையும் பெயர்தான் இல்லை. என் மூத்த அலுவலர் எந்த மாற்றுப்பெயர் எதற்குரியது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். அந்த நோட்டுதான் அன்று என்னைக் காத்தது.

அன்பர்களே, நம் மண்ணுக்கு மாற்றுப்பெயர் புதிதன்று. மதுராந்தகத்தின் பெயர் தாங்கிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலை நிற்பது நம் படாளத்தில். கடல்மல்லை, மாமல்லபுரம், மகாபலிபுரம் மூன்றும் ஒரே கரைதான். 1997-இல் மாவட்டப் பட்டியலை விட்டு நீங்கிய செங்கல்பட்டு 2019-இல் மீண்டும் மாவட்டமாயிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. கல்வெட்டில் 'ஆன' என்றும், பத்திரத்தில் 'என்கிற' என்றும் இரு பெயரையும் சேர்த்தெழுதிய முன்னோர் விவரம் அறிந்தவர்கள். குறுந்தொகைப் புலவர் ஒருவரின் இயற்பெயர் மறைந்துபோக, அவர் பாட்டின் தொடரே செம்புலப்பெயனீரார் என்று அவருக்குப் பெயராயிற்று.

இனி என் விண்ணப்பம். நம் வட்டத்தின் பத்தாண்டுக் கையெழுத்துப் படிகளைப் புரட்டினேன். புனைபெயரில் வந்த நல்ல கவிதைகள் சிலவற்றை எழுதியவர் யார் என மூத்த உறுப்பினர்களாலும் சொல்ல இயலவில்லை. கவிதை இருக்கிறது, கவிஞரை அடைய வழியில்லை. அவர்களுள் மறைந்தவரும் இருக்கலாம். மறைந்தவருக்கு நாம் செய்யக்கூடிய கடன், அவர் பாட்டை அவர் பெயரோடு சேர்ப்பதுதானே!

ஆகவே புனைபெயரையும் இயற்பெயரையும் எதிரெதிரே எழுதும் ஒரு பதிவேட்டை இன்றே தொடங்குவோம். வீட்டாருக்கோ அலுவலகத்துக்கோ அஞ்சி மறைந்தெழுதுவோர் உண்டு. அவர்தம் மறைவைக் கலைக்க வேண்டா. அவர்கள் பெயர் உறையிலிட்டுச் செயலாளரிடம் இருக்கட்டும். எப்போது பிரிப்பது என்பதை அவர்களே உறையின்மேல் எழுதட்டும்.

என் கையெழுத்தோடு முதற்பக்கத்தைத் தொடங்கிவைக்கிறேன். பதிவேடு மேசைமேல் இருக்கிறது.