இருட்டும் ஒரு லைட்தான்: பாஸ்கா மேடை முதல் சர்ச் கச்சேரி வரை

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோட் முடிஞ்சதும் நிறைய பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தீங்க. "எங்க சர்ச் யூத் டீம்ல லைட்டிங் என் தலையில கட்டிட்டாங்க ப்ரோ, எங்கிருந்து ஆரம்பிக்கறது?" இன்னைக்கு அதுதான் டாபிக். பகல்ல கோட் எழுதறவன்தான் நான். ஆனா மேடை லைட்டுக்குள்ள இறங்கினா அங்கயும் அட்ரஸ், சேனல், சிக்னல்னு நம்ம பாஷைதான் ஓடுது. அதனால தைரியமா பேசறேன்.

எங்க ஊர்ப் பக்கம் இருந்தே தொடங்கலாம்

நான் தாடிக்கொம்பு. திண்டுக்கல்லிலிருந்து கரூர் ரோட்டில், குடகனாற்றங்கரையில் இருக்கற ஊர். வெளியூர்க்காரங்களுக்கு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் சொன்னாத் தெரியும். அந்த மண்டபத்தில் ஆள் உயரத்துக்கும் மேல பெரிய பெரிய தூண் சிற்பங்கள் இருக்கு. மொபைல் ஃபிளாஷ் போட்டு அதைப் படம் எடுத்துப் பாருங்க, தட்டையா, சப்புன்னு இருக்கும். ஃபிளாஷை அணைச்சிட்டு, பக்கத்திலிருந்து வர்ற பகல் வெளிச்சத்தில் பாருங்க. கை முன்னால நீண்டு வரும், வயிறு உள்ள போகும், புருவம் நெரியும். கல் அதே கல்தான். வெளிச்சம் வர்ற திசை மட்டும்தான் மாறியிருக்கு. லைட்டிங்கோட முதல் பாடம் இதுவே: நேரா முகத்தில் அடிக்கற வெளிச்சம் எல்லாத்தையும் காட்டும், ஆனா உருவத்தைத் தட்டையாக்கிடும்.

அடுத்து, திண்டுக்கல் பக்கம் தவக்காலம் முடியற சமயம் பாஸ்கா நடக்கும். இயேசுவின் பாடுகளை மேடையில் நடிச்சுக் காட்டற இரவு நாடகம். மேட்டுப்பட்டி வியாகுல அன்னை ஆலய பாஸ்கா இங்க ரொம்பப் பேர் போனது. உலக அளவில் இதுக்குப் பெரிய அண்ணன் ஜெர்மனியின் ஓபராமர்காவ் கிராமம். 1634-லிருந்து அந்த ஊர் ஜனங்களே நடிக்கறாங்க. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை. 2020-ல நடக்க வேண்டியது, கொரோனாவால 2022-க்குத் தள்ளிப்போச்சு.

நம்ம தமிழ் நாடக மேடைக்கும் இதில் பங்கு உண்டு. நவாப் ராஜமாணிக்கம் தன்னோட மதுரை தேவி பால விநோத சங்கீத சபா மூலமா 'ஏசுநாதர்' நாடகம் போட்டார். அதே கம்பெனி ராமாயணமும் போட்டது. அவருக்கு முன்னால கன்னையா கம்பெனி, பின்னால ஆர்.எஸ். மனோகர்னு செட்டிலும் தந்திரக் காட்சியிலும் ஜனங்களை வாய் பிளக்க வெச்ச ஒரு பெரிய வரிசையே இருக்கு. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், படுதா, தட்டி, விளக்கு, ஆள் பலம் இவ்வளவை மட்டும் வெச்சு பண்ணினாங்க. வங்காளத்தில் தபஸ் சென்னு ஒரு ஒளி வடிவமைப்பாளர் இருந்தார். 1959-ல் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில், சுரங்கத்துக்குள்ள வெள்ளம் ஏறி தொழிலாளிகள் மூழ்கறதை வெறும் வெளிச்சத்தால காட்டினார். மேடையில் ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது.

முதல்ல முகம், அப்புறம் மத்ததெல்லாம்

இப்ப நம்ம சர்ச்சுக்கு வருவோம். கையில் கொஞ்சம் பணம் வந்ததும் முதல்ல எதை வாடகைக்கு எடுக்கறோம்? ஷார்பி, மூவிங் ஹெட், புகை மெஷின். கச்சேரி தொடங்கினா பீம் வானத்தைக் கிழிக்கும். பாடறவங்க முகம் மட்டும் தெரியாது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கற பாட்டியை நினைச்சுக்கோங்க. அவங்களுக்குக் காது மந்தம். பேசறவரோட உதட்டைப் பார்த்துத்தான் பாதி வார்த்தையைப் பிடிப்பாங்க. முகத்தில் வெளிச்சம் இல்லன்னா அவங்களுக்கு பிரசங்கமும் இல்ல, பாட்டும் இல்ல. அதனால பட்ஜெட்ல முதல் ரூபாய் முன்பக்க லைட்டுக்குத்தான்.

எப்படி வைக்கறது? ஸ்டான்லி மெக்கேண்ட்லஸ்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1932-ல் வெளியிட்ட புத்தகத்தில் சொன்ன முறை இன்னைக்கும் ஓடுது. ஆளுக்கு முன்னால இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு, ரெண்டும் 45 டிகிரி தள்ளி, மேலேயும் 45 டிகிரி ஏத்தி. ஒண்ணு கொஞ்சம் மஞ்சள் கலந்த சூடான நிறம், இன்னொண்ணு கொஞ்சம் குளிர்ச்சியான நிறம். முகத்துக்கு ஒரு வடிவம் வந்துடும்.

கணக்கு ஈஸி. மேடை 4 அடி, நிக்கறவர் முகம் அதுக்கு மேல 5 அடி. ஆக தரையிலிருந்து 9 அடி. லைட் 18 அடி உயரத்தில் இருந்தா முகத்தை விட 9 அடி மேல இருக்கு. 45 டிகிரி வேணும்னா கிடைமட்டமாவும் 9 அடி தள்ளி வைக்கணும். அவ்வளவுதான். ரொம்ப தூரம் தள்ளாதீங்க. தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாயிடும்.

நிறத்தைப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம தோல் சிவப்பையும் மஞ்சளையும் நல்லா திருப்பி அனுப்பும், நீலத்தைக் கம்மியாத்தான் அனுப்பும். முன்பக்கம் முழு நீலம் போட்டா நம்ம ஆளுங்க முகம் செத்துப்போன மாதிரி தெரியும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அப்படியே காப்பி அடிச்சா வர்ற பிரச்சினை இது. நீலத்தைப் பின்னால செட்டுக்குப் போடுங்க. முகத்துக்கு வார்ம் ஒயிட்.

டி.எம்.எக்ஸ்: நம்ம ஏரியா

இப்ப வர்ற எல்.இ.டி பார் லைட்களை ஓட்டறது டி.எம்.எக்ஸ் 512. 1986-ல் வந்த ஸ்டாண்டர்ட். 512 சேனல் கொண்ட ஒரு அர்ரே, ஒவ்வொண்ணுக்கும் 0-லிருந்து 255 வரை மதிப்பு. அதை கன்சோல் திரும்பத் திரும்ப அனுப்பிட்டே இருக்கும், ஏதோ ஒரு ஃபிரேம் தொலைஞ்சா அடுத்தது சரிபண்ணிடும். ஒரு லைட்டுக்கு 7 சேனல்னா முதல் லைட்டுக்கு அட்ரஸ் 1, அடுத்தது 8, அப்புறம் 15, 22. ரெண்டு லைட்டுக்கு ஒரே அட்ரஸ் கொடுத்தா ரெண்டும் ஒண்ணு போல ஆடும். சில சமயம் அதுவே நமக்கு வேணும். லைட் தானா மினுக்குதுன்னா கடைசி லைட்டில் 120 ஓம் டெர்மினேட்டர் இருக்கான்னு முதல்ல பாருங்க. லைவ் ஸ்ட்ரீம்ல வரி வரியா ஓடினா அது லைட்டோட அணைஞ்சு எரியற வேகமும் கேமரா ஷட்டரும் ஒத்துப்போகாத கேஸ். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல வெச்சு முயற்சி பண்ணுங்க.

உயிர் சம்பந்தப்பட்ட பகுதி, இதை ஸ்கிப் பண்ணாதீங்க

பழைய 1000 வாட் பார் கேன் 8 போட்டா 8000 வாட். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 35 ஆம்பியர். அதை ஒரு வீட்டு ஒயரில் இழுத்தா ஒயர் உருகும். பக்கத்தில் தெர்மாகோல் மலையும் துணிப் படுதாவும் இருக்கற பாஸ்கா செட்டில் அது என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. தலா 150 வாட் எல்.இ.டி 8 போட்டா மொத்தமே 5 ஆம்பியர் சொச்சம்தான்.

2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர்அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தாங்க. நம்ம சர்ச் சப்பரத்துக்கும் அதே மின்கம்பிதான், அதே உயரம்தான். சப்பரத்து மேல லைட் கட்டறதுக்கு முன்னால போற வழியை நடந்து பார்த்து அளந்துடுங்க. 2024 டிசம்பர் 29, கொச்சி கலூர் ஸ்டேடியத்தில் ஒரு நடன நிகழ்ச்சிக்குப் போட்ட தற்காலிக மேடையிலிருந்து எம்.எல்.ஏ உமா தாமஸ் கீழ விழுந்து பலத்த காயம் அடைஞ்சாங்க. மேடை விளிம்பில் கைப்பிடி வைக்கறது செட் டிசைனோட ஒரு பகுதி. அழகைக் கெடுக்குதுன்னு யாராவது சொன்னா விட்டுக்கொடுக்காதீங்க.

சவுண்ட் சர்வீஸ் அண்ணன்கிட்ட மரியாதையா மூணு கேள்வி கேளுங்க. "அண்ணே, எர்த் போட்டாச்சா? 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி இருக்கா? ஒவ்வொரு லைட்டுக்கும் தனி சேஃப்டி செயின் இருக்கா?" நல்ல அண்ணன்கள் சந்தோஷமா காட்டுவாங்க.

இருட்டை யார் காவல் காக்கறது?

கடைசியா ஒண்ணு. கத்தோலிக்க சர்ச்சில் ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி, பாஸ்கா திருவிழிப்பில், எல்லா லைட்டையும் அணைச்சிடுவாங்க. வெளியே தீ மூட்டி, அதிலிருந்து ஒரு பெரிய மெழுகுவர்த்தியை ஏத்தி, இருட்டுக்குள்ள கொண்டு வருவாங்க. மூணு இடத்தில் நின்னு நின்னு வரும். அந்த ஒரு சுடரிலிருந்து எல்லார் கையிலயும் இருக்கற மெழுகுவர்த்திக்கு வெளிச்சம் பரவும். கோயில் கருவறை இருட்டில் தீபாராதனை காட்டும்போது நடக்கறதும் இதே வேலைதான். சாமி முகம் அந்த ஒரு நொடிக்குத்தான் தெரியும்.

இதைவிட நல்ல லைட் க்யூவை எந்த சாஃப்ட்வேரும் எழுதித் தராது. அந்த நேரத்தில் கன்சோலில் உட்கார்ந்திருக்கறவரோட வேலை, எதையும் தொடாம இருக்கறது. கன்சோல் ஸ்கிரீன் வெளிச்சத்தையும் ஒரு துணி போட்டு மூடிடுங்க. எக்ஸிட் லைட்டையும் படிக்கட்டு லைட்டையும் மட்டும் விட்டுவைங்க.

பாஸ்கா மேடைக்கும் அதே விதி. சிலுவைக் காட்சியில் முன்பக்கத்தைக் குறைச்சு, பின்னாலிருந்து ஒரே ஒரு லைட் விடுங்க. மூணு மணி நேரமா 12 கலர் சுத்திட்டே இருந்தா, உயிர்ப்புக் காட்சிக்குன்னு கொடுக்க உங்ககிட்ட புதுசா எதுவும் மிச்சம் இருக்காது.

உங்க சர்ச் மேடை, கோயில் திருவிழா மேடை, காலேஜ் கல்சுரல்ஸ் எதுவானாலும் முன்பக்க லைட் மட்டும் எரியவிட்டு ஒரு போட்டோ, முழு செட்டிங்கோட ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சவுண்ட் பத்திப் பேசறோம், குறிப்பா அந்த மைக் கூவற பிரச்சினை. அதுவரைக்கும் எர்த் செக் பண்ணுங்க, பத்திரமா இருங்க.