சூலமங்கலம் சகோதரிகள்

கொழும்பு மாநகரின் வடபால் உள்ளது கொட்டாஞ்சேனை; தென்பால் உள்ளது வெள்ளவத்தை. கருங்கல்லால் எழுந்த பொன்னம்பலவாணேசர் ஆலயத்தின் மணியோசையும் புனித லூசியா பேராலயத்தின் மணியோசையும் ஒரே காற்றில் கலந்து வருவது வடபுறத்தின் இயல்பு. மயூரபதி அம்மன் ஆலயத்தை அடுத்த வீதிகளில் கடலிரைச்சலும் கூடிக்கொள்வது தென்புறத்தின் இயல்பு. இவ்விரு பகுதிகளிலும் ஐப்பசித் திங்களில் கந்தசஷ்டி நோன்பு தொடங்கிவிட்டால், இல்லந்தோறும் ஆலயந்தோறும் இரு பெண்கள் இணைந்து பாடும் ஒரு குரல் எழும். அது சூலமங்கலம் சகோதரிகளின் குரல்.

தஞ்சை மாவட்டத்தில், ஐயம்பேட்டைக்கு அருகில் உள்ள சிற்றூர் சூலமங்கலம். ஹரிகதைக் கலையில் பெரும்புகழ் ஈட்டிய வைத்தியநாத பாகவதரைத் தந்த ஊர் அது. அங்கு 1937இல் ஜெயலட்சுமியும் 1940இல் ராஜலட்சுமியும் பிறந்தனர். இளமையிலேயே கருநாடக இசையை முறையாகப் பயின்ற இவ்விருவரும் தனித்தனியே புகழ் தேடாமல் இணைந்தே மேடையேறினர். பிற்காலத்தில் இரட்டையராகப் பாட வந்த பெண்கள் பலருக்கு இவர்கள் முன்னோடிகள் ஆயினர்.

இவர்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது கந்தசஷ்டி கவசம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவராய சுவாமிகள் அருளிய இந்நூல் 244 அடிகளைக் கொண்டது. முதலில் காப்பும் தியானமுமாக 6 அடிகள். எஞ்சிய 238 அடிகளே கவசம். தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்பையும் வேல் காக்க வேண்டும் என்று இறைஞ்சுவது அதன் உள்ளீடு. ஒரே நடையில் இத்தனை அடிகளை ஓதும்போது, கேட்பவர் மனம் சலிப்படைய இடமுண்டு. சகோதரிகளின் பாட்டு ஆபேரியில் தொடங்கி, சுபபந்துவராளி, கல்யாணி, தோடி எனச் சென்று மத்தியமாவதியில் நிறைவுறுகிறது. இராகம் மாறுந்தோறும் பொருளின் ஒரு பகுதி முடிந்து மற்றொன்று தொடங்குவது, படிப்பறியாதவருக்கும் விளங்கிவிடுகிறது. சங்கதிகளை அடுக்கித் தம் வன்மையைக் காட்ட அவர்கள் முற்படவில்லை. சொல் சிதையாமலும் காலப்பிரமாணம் பிறழாமலும் பாடினர். ஆகவே சமையற்கட்டில் இருப்பவரும் உடன் பாடலாம். குழந்தையும் கேட்டே மனனம் செய்யலாம். மூன்று மணித்துளிகளுக்குச் சற்று மேலாகவே ஓடிய பழைய இசைத்தட்டில் இத்தகைய நெடும்பாட்டு அடங்காது. நீண்ட நேரம் ஒலிக்கும் தட்டுகள் வந்த பின்னரே இவ்வாறு இடைமுறியாமல் கேட்பது கைகூடிற்று.

பக்தி இசையில் நிலைபெற்றவர்கள் திரையிசைக்குச் சென்றால், பக்தியின் தூய்மை குன்றிவிடாதா என்று ஐயுறுவோர் அக்காலத்தில் இருந்தனர். அந்த ஐயம் அரசாங்க அளவிலும் நிலவியது. 1952இல் செய்தி, ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களுக்கு இடத்தைக் குறுக்கிற்று. அவ்வேளையில் கடலுக்கு இப்பால், 1950இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கிய இலங்கை வானொலி, அப்பாடல்களுக்குத் தன் கதவைத் திறந்தே வைத்திருந்தது. காலையில் மூன்று சமயங்களின் பக்திப் பாடல்கள். அவற்றை அடுத்துத் திரைப்பாடல்கள். கொழும்பிலிருந்து எழுந்த ஒலியைத் தமிழகத்து ஊர்களும் விரும்பிக் கேட்டன. பக்தியையும் திரையையும் ஒரே செவி ஒரே காலைப்பொழுதில் கேட்கப் பழகிற்று.

சகோதரிகளின் வாழ்வே அந்த ஐயத்துக்கு விடையாக அமைந்தது. திருப்பரங்குன்றத்து முருகனை விளித்துப் பூவை செங்குட்டுவன் எழுதிய பாடலொன்றை, குன்னக்குடி வைத்தியநாதனின் இசையமைப்பில் அவர்கள் முதலில் இசைத்தட்டுக்காகப் பாடினர். அப்பாடல் 1967இல் ஏ. பி. நாகராஜனின் 'கந்தன் கருணை' திரைப்படத்தில் இடம்பெற்றது. அதில் ராஜலட்சுமி, பி. சுசீலாவுடன் இணைந்து பாடினார். இசைத்தட்டில் பிறந்த பக்திப்பாட்டு திரையரங்கை நாடிச் சென்றதேயன்றி, தன் உருவை இழந்து செல்லவில்லை. பின்னர் 1972இல் வெளிவந்த 'தெய்வம்' படத்திலும் சகோதரியர் இருவரும் மலையாண்டியைப் பாடினர்.

இருவருள் இளையவரே திரையுலகில் மிகுதியாக உழைத்தார். 1970இல் வெளிவந்த 'தரிசனம்' என்னும் படத்துக்கு ராஜலட்சுமி இசையமைத்தார். பெண்கள் பாடலாம், ஆனால் இசையமைப்பாளர் இருக்கை ஆண்களுக்கே உரியது என்ற வழக்கம் வலுத்திருந்த காலம் அது. அப்படத்தில் டி. எம். சௌந்தரராஜனும் எல். ஆர். ஈஸ்வரியும் பாடிய காதற்பாடல் பக்திப்பாட்டன்று; எனினும் அதன் மெட்டில் சாத்திரிய இசைப் பயிற்சியின் உறுதி தெரிகிறது. கவசம் பாடியவரே காதற்பாட்டுக்கும் மெட்டமைத்தார் என்பதால் கவசத்தைக் கேட்போர் தொகை குறையவில்லை.

1983ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கொழும்பில் தமிழர் இல்லங்களும் கடைகளும் தீக்கிரையாயின. வெள்ளவத்தையில் வாழ்ந்த பலர் உடுத்த உடையோடு வெளியேறினர். கப்பலேறி வடக்கே சென்றோரும் உளர், கடல்கடந்து சென்று மீளாதோரும் உளர். வீட்டோடு எரிந்த பொருள்களுள் இசைத்தட்டுகளும் இருந்திருக்கும். ஆனால் கேட்டுக் கேட்டு நெஞ்சில் பதிந்த பாட்டை எத்தீயும் தீண்டுவதில்லை. உறுப்புறுப்பாகக் காவல் வேண்டும் அந்நூலின் பொருள், உயிருக்கு அஞ்சி நின்றோருக்கு ஓதுவோர் விளக்காமலே விளங்கியிருக்கும். இன்று இலண்டனிலும் தொறொன்ரோவிலும் ஈழத்தமிழர் எழுப்பிய ஆலயங்களில் சஷ்டி நோன்பு நடைபெறுகிறது. வெள்ளவத்தையிலும் மீண்டும் விளக்குகள் ஏற்றப்படுகின்றன.

ராஜலட்சுமி 1992இல், தமது 51ஆம் வயதில் மறைந்தார். இணைந்தே பாடிப் பழகிய தமக்கை அதன்பின் 25 ஆண்டுகள் வாழ்ந்து, 2017இல் தமது 80ஆம் வயதில் காலமானார். அந்த 25 ஆண்டுகளிலும் சஷ்டிதோறும் தங்கையின் குரல் தம் குரலோடு இணைந்து ஒலிப்பதை அவர் கேட்க முடிந்தது. உடன்பிறந்தோரைக் காலம் பிரித்தது, பாட்டு பிரிக்கவில்லை. கொட்டாஞ்சேனை வீதியில் விடியற்பொழுதில் அப்பாட்டைக் கேட்போருக்கு, எது அக்காளின் குரல், எது தங்கையின் குரல் என்று இன்றும் பிரித்தறிய இயலாது.