குறட்டையையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் இரத்த அழுத்தம், அதாவது பி.பி. பற்றிப் பேசினோம். மாத்திரையை விடக்கூடாது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கணும் என்றோம். அதற்குப் பிறகு குழுக்களுக்குப் போனபோது, "மாத்திரை ஒரு நாள் விடறதில்லை, ஊறுகாய், கருவாடு எல்லாம் நிறுத்தியாச்சு, அப்பவும் பி.பி. குறையலையே, ஏனுங்க?" என்று எங்களிடம் கேட்டார்கள். அதற்குப் பல காரணங்கள் உண்டு. பலரும் கவனிக்காத ஒரு காரணத்தை இன்று பார்ப்போம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதுதான் அது. டாக்டர்கள் இதை 'ஸ்லீப் அப்னியா' என்பார்கள்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்துவிடும். சிலருக்கு அதனால் மூச்சுப் பாதை அடைத்துக்கொள்ளும். பத்து விநாடி, சில சமயம் அதற்கு மேலும் மூச்சு நிற்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். உடனே மூளை உடம்பை உசுப்பிவிடும். பெரிய சத்தத்தோடு மூச்சு திரும்ப வரும். தூங்குகிறவருக்கு இது தெரியாது. நோய் கடுமையானால் ஒரு மணி நேரத்தில் 30 தடவைக்கு மேலும் இப்படி நடக்கும். ஒவ்வொரு தடவையும் இரத்தக் குழாய்கள் சுருங்கி பி.பி. ஏறுகிறது. இரவில் இறங்க வேண்டிய பி.பி. இறங்குவதில்லை. போகப்போகப் பகலிலும் ஏறியே நிற்கிறது. இப்படியே வருடக்கணக்கில் விட்டால் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு வரலாம். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், தொழிலுக்கு வாங்கிய குழுக் கடன் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும் என்பது நமக்குத் தெரியாததா?

இதற்கு அடையாளங்கள் உண்டு. பலத்த குறட்டை, நடுவில் சத்தமே நின்று திடீரென்று மூச்சு இழுப்பது, காலையில் தலைவலி, வாய் உலர்ந்து போவது, இரவில் பல தடவை சிறுநீர் கழிக்க எழுவது, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுவது. உடல் எடை கூடியவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஒல்லியானவர்களுக்கும் வரலாம்.

நம்ம பக்கம் இதில் ஒரு சிக்கல் இருக்குங்க. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவர் தூங்கி விழுந்தால் "வேலை அலுப்பு" என்று விட்டுவிடுகிறோம். லீவு நாளில் நன்றாகத் தூங்கியும் அலுப்பு தீரவில்லை என்றால் சந்தேகப்படணும். தூக்கக் கலக்கத்தில் கட்டிங் மெஷினில் கை வைப்பதும், வண்டி ஓட்டுவதும் ஆபத்து.

இன்னொன்று. ஆண் குறட்டை விட்டால் "அசந்து தூங்கறார்" என்கிறோம். பெண் விட்டால் கேலி செய்கிறோம். அதனால் அவர்கள் வெளியே சொல்வதே இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது அதிகம் வருகிறது. அவர்களுக்குக் குறட்டையை விட சோர்வும் தூக்கம் வராததுமே பெரிதாகத் தெரியலாம்.

இந்த நோய்க்குச் சாட்சி பக்கத்தில் படுப்பவர்தான். இரண்டு மூன்று இரவு கவனியுங்கள். செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்யலாம். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம், "மாத்திரை சாப்பிட்டும் குறையலைங்க, தூக்கத்தில் மூச்சு நிக்குது" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். தூக்கப் பரிசோதனை எங்கே செய்யலாம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகணுமா என்றும் கேளுங்கள். உடம்பில் கருவிகளைப் பொருத்தி, தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் பார்ப்பார்கள்.

எடை அதிகம் என்றால் குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, குடியை நிறுத்துவது பலன் தரும். டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை போடக்கூடாது. நோய் அதிகமானவர்களுக்கு 'சி-பாப்' என்ற மெஷின் உண்டு. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். 1981ல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் என்ற டாக்டர் குழுவினர் இதைக் கொண்டுவந்தார்கள். தினமும் இரவில் போட்டால்தான் பயன். இதனால் பி.பி. பெரும்பாலும் கொஞ்சம்தான் இறங்கும். ஆகவே மெஷின் வந்தாலும் பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பி.பி. பார்க்கும் தன்னார்வலர்களாக மகளிர் குழுப் பெண்களையே எடுத்தார்கள். அந்த வேலை நமக்குப் புதிதில்லை. இனி குழுவில் பி.பி. பற்றிப் பேசும்போதெல்லாம் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்போம்: "குறட்டை உண்டா? தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா?" இதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் சொல்லாமல், உங்களைப் பற்றியும் சொல்லுங்கள்.