மீன் தொட்டியைத் தாங்கும் கால்கள்

சிவகிரிக்கு அருகில் ஒரு பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்தபோது, மாணவர்கள் காசு சேர்த்துப் பெரிய கண்ணாடி மீன் தொட்டி ஒன்று வாங்கினார்கள். அதற்குரிய மரத்தாங்கியை நானே வரைந்து கொடுத்தேன். கால்களின் பக்கத்தில் சட்டங்களை வைத்து ஆணி அடித்தால் போதும் என்றேன். தச்சர் தயங்கினார். "கனம் ஆணியில் நிற்கக் கூடாது ஐயா, மரத்தில் நிற்க வேண்டும்" என்றார். நான் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்குள், விடுமுறை நாள் இரவொன்றில், தாங்கி சாய்ந்து தொட்டி நொறுங்கியது. மீன்கள் மாண்டன. அது பள்ளி வேளையாயிருந்தால், சூழ்ந்து நிற்கும் பிள்ளைகளின் கதி என்ன? நினைத்தால் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

நான் செய்யத் தவறியது ஒரு சிறு கணக்கு. 4 அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி. ஒரு கன அடி நீர் சுமார் 28 கிலோ. ஆகவே விளிம்புவரை நிரப்பினால் நீர் மட்டுமே 250 கிலோ. கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். ஐந்து ஆட்கள் இரவும் பகலும் இறங்காமல் ஏறி நிற்பதற்கு அது சமம்.

15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய தென்காசிக் கோயிலுக்குச் சென்றால், மண்டபத் தூண்களைப் பாருங்கள். கல் உத்தரம் தூணின் பக்கத்தில் தொங்குவதில்லை. தூணின் தலைமேல் அமர்ந்திருக்கிறது. பாரம் நேரே தரைக்கு இறங்குகிறது.

தச்சர் இரண்டாவது தாங்கியை அவ்வாறே செய்தார். மேற்சட்டங்கள் கால்களின் தலைமேல் அமர்ந்தன. கீழ்ச்சட்டங்களைக் கழுந்து செதுக்கித் துளையில் இறுக்கினார். பின்புறத்தில் மூலைக்கு மூலை ஒரு சட்டம் கொடுத்தார். நாற்கரம் சாயும், முக்கோணம் தன் வடிவம் மாறாது என்று நீங்கள் வடிவியலில் படித்ததன் பயன் அதுதான். பிறகு ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்தார். தொட்டிக்கு அடியில் மெல்லிய தெர்மோகோல் தகடு விரித்தோம். பலகையின் சிறு மேடுபள்ளம் கண்ணாடியைக் கீறி விடாதிருக்க அது உதவும். முதல் நாள் பாதி நீரே ஊற்றி, மறுநாள் சமனை மீண்டும் சோதித்த பின்பே நிரப்பினோம்.

நான் ஓய்வு பெறும்வரை அத்தாங்கி அசையவில்லை. பிள்ளைகள் மீன்களைப் பார்ப்பார்கள். நான் குனிந்து கால்களைப் பார்ப்பேன். தொழில் அறிந்தவர் தயங்கும்போது காரணம் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அந்த மீன்கள் பிழைத்திருக்கும்.